கோல்லம் வேட்டைக்கு முன்: 11 மணி நேரப் படமா, இரண்டு அத்தியாயமா?

2027 டிசம்பர் 17 என்று தேதி குறித்துவிட்டார்கள். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையில் வரும் 'தி ஹன்ட் ஃபார் கோல்லம்' படத்தை இயக்குவதும் ஆண்டி செர்கிஸ், மோதிரப் பித்துப் பிடித்த கோல்லம் என்ற சீவனாக வருவதும் அவரே. தயாரிப்பில் பழைய படங்களை இயக்கிய பீட்டர் ஜாக்சன் இருக்கிறார். எழுத்தில் ஃப்ரான் வால்ஷ், ஃபிலிப்பா பாயன்ஸ் என்று பழைய கை. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ரசிகர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர்களே போதும், இப்போதே டிக்கெட் எடுக்கத் தயார். மீதிப் பேர் முன்கதையான ஹாபிட் படங்களில் சூடு கண்டவர்கள். 'இந்தக் கதையை யார் கேட்டது?' என்கிறார்கள்.

நான் நடுவில் நிற்கும் ஆள். படம் வருவதற்குள் பழையதை ஒருமுறை தட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியதும், மூன்று படங்களையும் மறுபடி பார்ப்பதா, அவற்றின் மூலமான டோல்கீனின் புத்தகத்தை எடுப்பதா என்று கொஞ்சம் யோசித்தேன். புத்தகத்தை எடுத்தேன். இன்னொருவர் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் படங்களின் பக்கமும் நியாயம் உண்டு, அதை முதலில் முடித்துவிடலாம்.

இசை, நியூசிலாந்து மலைகள், மூன்றாம் படத்துக்கு 11 ஆஸ்கர்... இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. பார்ப்பது என்று முடிவானால் தியேட்டரில் வந்த பதிப்பு வேண்டாம். கூடுதல் காட்சிகள் சேர்த்த எக்ஸ்டெண்டட் பதிப்பையே பாருங்கள். தியேட்டர் பதிப்பு மூன்றும் சேர்ந்து 9 மணி நேரத்துக்குச் சற்று மேல், இது 11 மணி நேரத்தைத் தாண்டும். அந்த இரண்டு மணி நேரம் வீண் இல்லை. நாயகர்களில் ஒருவனான அராகார்ன் தன் அம்மாவின் கல்லறையில் நிற்பதும், தனக்கு 87 வயது என்று எயோவின் என்ற பெண்ணிடம் சொல்வதும் இதில்தான் வருகின்றன. முக்கியமாக, முதல் படத்தில் ஆற்றங்கரை இரவு ஒன்று. தண்ணீரில் மிதக்கும் கட்டையை உடன் வரும் போரோமிர் பார்க்க, அது கோல்லம்தான், மோரியாச் சுரங்கத்திலிருந்தே நம்மைத் தொடர்கிறான் என்று அராகார்ன் சொல்லும் காட்சி. கோல்லத்தை முன்பே தெரியும் என்பதுபோல அராகார்ன் பேசுவான். எப்படித் தெரியும் என்று படம் சொல்வதில்லை. புதிய படம் நுழையப்போவது அந்தச் சந்தில்தான்.

புத்தகத்தில் அது சொல்லப்பட்டிருக்கிறது. எங்கே என்றால், முதல் தொகுதிக்குள் இருக்கும் இரண்டு பகுதிகளிலும் தலா இரண்டாவது அத்தியாயத்தில். முதலாவதில் மந்திரவாதி காண்டால்ஃப் நாயகன் ஃப்ரோடோவின் வீட்டில் உட்கார்ந்து மோதிரத்தின் வரலாற்றைச் சொல்கிறார். அடுத்தது எல்ஃப் தலைவர் எல்ரோண்டின் ஆலோசனைக் கூட்டம். பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பலர் பாதியில் மூடிவைக்கும் அத்தியாயம் அது.

அந்தக் கூட்டத்தில் அராகார்னின் முறை வரும்போது அவன் சொல்வது சில வரிகள்தான். தேடித் தேடி அலுத்து, கைவிட்டுத் திரும்பும் வழியில், தேங்கிய குட்டை ஒன்றின் ஓரச் சேற்றில் வெறுங்காலின் தடம். எதிரியின் நாடான மோர்டாரை நோக்கிப் போகும் தடம் இல்லை, அங்கிருந்து விலகி வரும் தடம். பிணச் சதுப்பின் விளிம்போடு அதைப் பிடித்துக்கொண்டே போகிறான். இருட்டும் வேளையில் பச்சைப் பாசி அப்பிய உடம்போடு தண்ணீரை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது கோல்லம். பிடிக்கும்போது கடித்துவிடுகிறது. அந்தப் பல் தடத்தைத் தவிர அதன் வாயிலிருந்து தனக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை என்கிறான். அப்புறம் கழுத்தில் கயிறு போட்டு, வாயைக் கட்டி, முன்னால் நடக்கவிட்டு, பசியிலும் தாகத்திலும் அடங்கும்வரை இழுத்துக்கொண்டு போகிறான். தான் மென்மையாக நடந்துகொள்ளவில்லை என்று அவனே ஒப்புக்கொள்கிறான்.

நான் புத்தகத்தின் பக்கம் சாய்வதற்குக் காரணமே இந்தச் சில வரிகள்தான். படங்களில் நாம் பார்த்த அராகார்ன் கண்ணியத்தின் உருவம். அந்த வேடத்தில் நடித்த விகோ மார்ட்டென்சனின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு அரங்குக்குப் போகிறவர், கட்டிப்போட்ட ஒரு சீவனைப் பட்டினி போட்டு இழுத்துப் போகும் நாயகனைப் பார்த்தால் 'கதாபாத்திரத்தைக் கெடுத்துவிட்டார்கள்' என்று கொதிப்பார். புத்தகத்தோடு போகிறவரின் கவலை நேரெதிர்: இதைக் காட்ட இவர்களுக்குத் துணிச்சல் வருமா, இல்லை மழுப்பிவிடுவார்களா? இன்னொன்றும் இருக்கிறது. ஃப்ரோடோவின் உறவினர் பில்போ அன்று கோல்லத்தைக் கொல்லாமல் விட்டது இரக்கத்தால் என்று காண்டால்ஃப் சொல்லும் புகழ்பெற்ற பேச்சைப் படம் மோரியாச் சுரங்கத்துக்கு நகர்த்திவிட்டது. புத்தகத்தில் அது கோல்லத்தைத் தேடிய கதையோடு ஒட்டியே வருகிறது. ஒருவர் இரக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். அவருக்காகவே தேடிப் போன நண்பன் அராகார்ன் கயிற்றோடு நடந்திருக்கிறான். நல்ல படத்துக்கு இந்த முரண் ஒன்றே போதும்.

(கயிறு என்றதும் ஞாபகம் வருகிறது: ஃப்ரோடோவின் தோழன் சாம் கட்டும் எல்ஃப் கயிறு புத்தகத்தில் கோல்லத்தின் கணுக்காலில்தான். ஜாக்சன் அதைக் கழுத்துக்கு ஏற்றினார்.)

மூலம் எவ்வளவு சிறியது என்று தெரிந்துகொண்டு போவதில் இன்னொரு லாபம் உண்டு. எதற்குக் கோபப்படலாம், எதற்குக் கூடாது என்று பிடிபடும். 2024இல் வந்த ரோஹிர்ரிம் அனிமேஷன் படம் புத்தகத்தின் பின்னிணைப்பின் சில பக்கங்களிலிருந்து எடுத்தது. அதன் நாயகிக்குப் புத்தகத்தில் பெயர்கூட இல்லை. படத்துக்காக வைத்த பெயர். அது வெறும் இடத்தை நிரப்பும் வேலை, எனக்கு அதில் குறை இல்லை. வசூல்தான் கைகொடுக்கவில்லை. ஹாபிட்டில் நடந்தது வேறு. ஏற்கெனவே நிறைந்திருந்த ஒரு சின்னப் புத்தகத்தை மூன்று படமாக இழுத்து, இல்லாத ஒரு காதலையும் உள்ளே திணித்தார்கள்.

கோல்லம் வேட்டை முதல் வகை. எழுதாமல் விட்ட இடம் ஏராளம். 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்' தொகுப்பில் டோல்கீன் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்: சதுப்பிலிருந்து வடக்கே எல்ஃப் மன்னனின் காட்டரண்மனைவரை ஏறக்குறைய 900 மைல், 50 நாள் நடை. ஆனால் பட உரிமை ஹாபிட்டுக்கும் லார்ட் ஆஃப் தி ரிங்ஸுக்கும்தான்; இந்தத் தொகுப்பு அதில் சேராது. எனவே அந்த 50 நாளை அவர்கள் தாங்களாகவே கற்பனை செய்தாக வேண்டும். இரண்டே பேர், அதில் ஒருவர் வாய் கட்டப்பட்டவர், இரண்டு மணி நேரம். சொந்தச் சரக்கு நிறைய வேண்டும். அது என்ன சரக்கு என்பதில்தான் என் நம்பிக்கையும் பயமும்.

முகங்கள் விஷயத்தில் மட்டும் புத்தகம் உதவாது. இத்தனை வருடம் கழித்து அராகார்னுக்கு வேறு ஆள் போட்டாலும் வம்பு, கணினியில் இளமையாக்கினாலும் வம்பு. படங்களை அண்மையில் பார்த்தவருக்கு இது அதிகம் உறுத்தும், வாசித்துவிட்டுப் போகிறவருக்குக் குறைவாக உறுத்தும் என்பது என் ஊகம் மட்டுமே. எக்ஸ்டெண்டட் பதிப்பை நான் வீட்டு டிவியில்தான் பார்த்திருக்கிறேன். பெரிய திரையில் பார்த்தவர்கள் என் தராசு கோணல் என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

வாசிக்கப் பொறுமை இல்லை என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. முழுப் புத்தகத்தையும் செர்கிஸே ஒலிப்புத்தகமாக வாசித்திருக்கிறார், 2021இல் வந்தது. அந்த இரண்டு அத்தியாயத்தை மட்டும் போட்டுக் கேளுங்கள். படத்தை எடுக்கப்போகிறவரே அந்த வரிகளை எந்தத் தொனியில் சொல்கிறார் என்பது காதில் விழும். நேரம் மிச்சமிருந்தால் முதல் படத்தின் எக்ஸ்டெண்டட் பதிப்பு மட்டும் போதும். மற்ற இரண்டும் இந்தக் கதைக்குப் பிறகு நடப்பவை, படம் வந்த பின்னும் பார்த்துக்கொள்ளலாம்.