மீத்தேன் தின்னும் ஆர்க்கியாவுக்குள்: பிளாஸ்மிடா, போர்க்கா?

மெத்தனோபெரெடன்ஸ் என்பது ஆக்சிஜன் எட்டாத ஈர மண்ணில் மீத்தேனை உட்கொண்டு வாழும் ஆர்க்கியா (பாக்டீரியாவைப் போன்ற, ஆனால் தனி வகையான ஒற்றைச்செல் நுண்ணுயிர்). அதன் குரோமோசோமுக்கு வெளியே இரண்டு வகை டி.என்.ஏ. துண்டுகள் காணப்படுகின்றன: பிளாஸ்மிட், போர்க்.

பிளாஸ்மிட் நமக்குப் பழகியது. 1952இல் மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் வைத்த பெயர். பெரும்பாலும் வட்ட வடிவம், குரோமோசோமைவிடப் பல மடங்கு சிறியது.

போர்க் அப்படியல்ல. கலிபோர்னியாவின் பருவகாலக் குட்டை ஒன்றின் சேற்றை ஆராய்ந்தபோது நுண்ணுயிரியலாளர் ஜில் பேன்ஃபீல்டின் குழுவுக்கு இது தென்பட்டது. ஆய்வுக் கட்டுரை 2022இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. இது நீள்கோடாக இருக்கிறது, வட்டமாக அல்ல. பத்து லட்சம் கார இணைகளை (டி.என்.ஏ.வின் எழுத்துகளை) நெருங்கும் நீளம்; ஓம்புயிரியின், அதாவது அதைச் சுமக்கும் ஆர்க்கியாவின், குரோமோசோமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! இரு முனைகளிலும் ஒன்றுக்கொன்று தலைகீழான நீண்ட தொடர்கள் உள்ளன. உள்ளேயும் குறுந்தொடர்கள் அடுத்தடுத்துத் திரும்ப வருகின்றன.

என்னை வியக்க வைப்பது அளவைவிட, அது சுமக்கும் சரக்குதான். மீத்தேன் சிதைவில் எலக்ட்ரான்களைக் கடத்தும் சைட்டோகுரோம் என்ற புரதங்களுக்கான மரபணுக்கள் அதில் இருக்கின்றன. ஒரு போர்க்கில், மீத்தேனைப் பிடிக்கும் முதன்மை நொதியின் மரபணுக்களே கிடைத்துள்ளன. இவை ஓம்புயிரியின் மீத்தேன் பசியைக் கூட்டக்கூடும் என்பது கருதுகோள்.

ஆய்வகத்தில் கையாள்வதற்குப் பிளாஸ்மிடே எளிது. ஆனால் மண்ணின் மீத்தேன் கணக்கைப் புரிந்துகொள்ள, நான் போர்க்கைத்தான் முதலில் ஆராயச் சொல்வேன்.