அல்கோன்குயின் எரிவாயுக் குழாயில் இடம் வாங்கலாமா?

நியூ ஜெர்சியில் தொடங்கி பாஸ்டன் வரை போகும் அல்கோன்குயின் குழாய் எரிவாயுவை விற்பதில்லை, அதைச் சுமந்து செல்லும் இடத்தை விற்கிறது. வாயு விற்பனையையும் சுமக்கும் வேலையையும் அமெரிக்காவின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஃபெர்க் ஆணையம் 1992-இல் 636-ஆம் எண் ஆணையால் பிரித்துவிட்டது. அதிலிருந்து அமெரிக்காவில் மாநில எல்லை தாண்டும் குழாய்கள் எல்லாமே இப்படித்தான். ஆகவே இங்கே எடை போடுவது வாயுவை அல்ல, என்பிரிட்ஜ் நிறுவனத்தின் இந்தக் குழாயில் கிடைக்கும் இடத்தை.

வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் குறை சொல்ல அதிகம் இல்லை. வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர்களைப் பராமரிப்புக்காக நிறுத்தும் வாரங்களில் மட்டும் கொஞ்சம் இழுபறி. ஆனால் காசு கொடுத்து எதை வாங்கினோம் என்பது ஜனவரியில்தான் தெரியும். 2018 ஜனவரி முதல் வாரக் குளிரில் நியூயார்க் நகரச் சந்தையில் வாயு விலை டெகாதெர்முக்கு (வாயுவை அளக்கும் வெப்ப அலகு) 100 டாலரைத் தாண்டியது. பக்கத்துப் பென்சில்வேனியாவின் மார்சிலஸ் வயல்களில் வாயுவுக்குப் பஞ்சமே இல்லை. அதைக் கொண்டுவரத்தான் இடமில்லை.

குழாயின் நெரிசல் முனைகள் மேற்கிலிருந்து கிழக்காக ஸ்டோனி பாயிண்ட், சவுத்ஈஸ்ட், க்ராம்வெல், பரில்வில். நான்கும் கம்ப்ரஸர் நிலையங்கள். நிலையத்துக்குள் வரும் அழுத்தம் குறையக் குறைய, அதே குதிரைத்திறனால் தள்ள முடிகிற வாயுவும் குறையும். வெளியே போகும் அழுத்தத்தையோ குழாய்க்கு அனுமதித்த உச்சத்துக்கு மேல் ஏற்ற முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எண்தான் அன்றைய கொள்ளளவு.

இடத்தில் பல ரகம் உண்டு. ஒப்பந்தத்தில் எழுதிய ஏற்றுமுனையிலிருந்து எழுதிய இறக்குமுனைக்குப் போவது பிரைமரி ஃபர்ம். இது உறுதியான டிக்கெட். முனையை மாற்றினாலும் பாதைக்குள்ளேயே இருந்தால் செகண்டரி. பாதைக்கு வெளியே போனால் அதற்கும் கீழே, வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி. இன்டரப்டிபிள் என்பது முன்பதிவில்லாப் பெட்டி. நெரிசல் வந்தால் வெட்டு கீழிருந்து மேலே போகும். "எங்களிடம் 20,000 டெகாதெர்ம் ஃபர்ம் இருக்கிறது" என்று சொல்பவரிடம் அளவைக் கேட்டுப் பயனில்லை, எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு என்று கேட்க வேண்டும். ராமபோவில் மில்லேனியம் குழாயிலிருந்து ஏற்றினால் நான்கு நெரிசல்களையும் தாண்ட வேண்டும். ப்ரூக்ஃபீல்டில் இராக்வா குழாயிலிருந்து ஏற்றினால் முதல் இரண்டும் பின்னால் போய்விடும், க்ராம்வெல்லும் பரில்வில்லும் விடாது.

அடுத்து கடிகாரம். எல்லா நேரமும் மத்திய அமெரிக்க நேரம்; பாஸ்டனில் இருப்பவர் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். வாயு நாள் காலை 9-க்குத் தொடங்கும். எவ்வளவு வாயு, எங்கிருந்து எங்கே என்று குழாய்க்குச் சொல்வதுதான் நாமினேஷன். மறுநாளுக்கு இரண்டு சுற்று: டைம்லி பகல் 1 மணிக்கு மூடும், ஈவினிங் மாலை 6-க்கு. நடப்பு நாளுக்குக் காலை 10, பகல் 2.30, இரவு 7 என்று மூன்று சுற்று. 2016 ஏப்ரலிலிருந்து இந்த அட்டவணைதான். கடைசிச் சுற்றில் ஃபர்ம் வைத்திருப்பவரும் இன்டரப்டிபிள்காரரைத் தள்ளிவிட்டு ஏற முடியாது.

பலர் சறுக்குவது இங்கேதான். டைம்லி சுற்று முடிந்ததும் "க்ராம்வெல் சீல் செய்யப்பட்டது" என்று அறிவிப்பு வரும். அதன்பின் மேற்கிலிருந்து கிழக்கே போகும் நாமினேஷனைக் கூட்ட முடியாது; முன்கூட்டிச் சொல்லாமலே எடுக்க உரிமையுள்ள நோ-நோட்டீஸ் வகைப் பிரைமரி ஃபர்முக்கு மட்டும் விலக்கு. முதல் சுற்றிலேயே இடம் பிடித்துவிட்ட செகண்டரியைப் பிறகு வரும் பிரைமரி கிளப்ப முடியாது. மாதாமாதம் முழு முன்பதிவுக் கட்டணம் கட்டியவர் 1 மணியைத் தவறவிட்டதால் வெளியே நிற்பார். இது விதியில் உள்ளதுதான், யாரையும் நோக முடியாது.

நடப்பு நாளில் நாமினேஷனைக் குறைப்பதற்கும் அடித்தளம் உண்டு. ஓடிய மணிக்கணக்கில் சேர்ந்த பங்குக்குக் கீழே போக முடியாது. 10,000 டெகாதெர்மை இரவு 7 மணிச் சுற்றில் குறைத்தால் அது அமலாவது 10 மணிக்கு. அதற்குள் 13 மணி நேரம் போயிருக்கும், 5,417-க்குக் கீழே இறங்காது. காலைச் சுற்றில் செய்திருந்தால் 5 மணி நேரமே போயிருக்கும், 2,083 வரை இறங்கலாம்.

எரிபொருள் கழிவில், அதாவது கம்ப்ரஸரை ஓட்டக் குழாய் பிடித்துக்கொள்ளும் வாயுவில், சின்னக் கணக்குப் பிழை சகஜம். கழிவு 1 சதவீதம் என்று வைத்தால், 10,000 இறக்க 10,100 ஏற்றினால் போதாது, 0.99-ஆல் வகுத்து 10,101 ஏற்ற வேண்டும். இணைப்பு முனையில் இரண்டு குழாய்களின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் சிறிய எண்தான் நிற்கும். நியூ ஜெர்சியின் லாம்பர்ட்வில்லில் டெக்ஸாஸ் ஈஸ்டர்ன் குழாய்ப் பக்கம் 9,000 என்றால் இந்தப் பக்கம் 10,000 போட்டது வீண். ஒப்பந்த எண்ணில் ஒரு இலக்கம் தவறினால் இரு பக்கமும் பொருந்தாமல் மொத்தமும் பூஜ்ஜியம்.

மின் நிலையங்களுக்கு இந்தச் சேவை சரியாகப் பொருந்துவதில்லை. நாளுக்கு 24,000 வாங்கினால் மணிக்கு 1,000 என்பதே குழாயின் கணக்கு. அதை 16 மணி நேரத்தில் எரித்தால் மணிக்கு 1,500. அந்த நேரத்தில் கூடுதலாக உறிஞ்சும் 8,000-த்தைக் குழாயில் தேங்கிய வாயு தற்காலிகமாகக் கடன் கொடுக்கிறது. சாதாரண நாளில் யாரும் கண்டுகொள்வதில்லை. குளிர் நாளில், வரம்புக்குள் நில்லுங்கள் என்னும் இயக்கக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டால் மீறிய அளவுக்கு அபராதம், அதுவும் வாயு விலையைவிடக் கூடுதலாக.

வாங்க நினைப்பவர், ஏற்கெனவே இடம் வைத்திருப்பவர்கள் அதைப் பிறருக்கு விடும் ரிலீஸ் சந்தையையும் பார்க்கலாம். நகர விநியோக நிறுவனங்கள் தமக்கு உபரியான இடத்தைத் தருகின்றன. 31 நாளுக்குள் என்றால் ஏலம் தேவையில்லை, ஓராண்டு வரை விலை உச்சவரம்பும் கிடையாது. திரும்ப அழைக்கும் உரிமை இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். இருந்தால், உங்களுக்கு இடம் மிகவும் தேவைப்படும் அதே காலையில் அவர்களுக்கும் தேவைப்படும்.

உச்சக் குளிரின் சில நாட்களுக்கு மட்டும் தேவை என்றால் ஆண்டு முழுக்க இடம் வாங்குவது நஷ்டம். நெரிசலுக்குக் கிழக்கிலிருந்தே வாயு வாங்கலாம்: பாஸ்டன் அருகே எவரெட் எல்என்ஜி (கப்பலில் வரும் திரவ எரிவாயு) முனையம், வடக்கே கனடாவின் செயின்ட் ஜான் முனையத்திலிருந்து மேரிடைம்ஸ் குழாய் வழி வருவது. யூனிட் விலை கண்ணைக் கட்டும். ஆனால் க்ராம்வெல்லைத் தாண்டும் கவலை இல்லை. எவரெட் முனையத்தை 2030 வரை திறந்து வைக்க மாசசூசெட்ஸின் மூன்று விநியோக நிறுவனங்கள் 2024-இல் ஒப்பந்தம் போட்டதும் இந்தக் கணக்கில்தான்.