கரோல் ஸ்பின்னியின் இரண்டு பொம்மைகள்: பிக் பேர்டும் ஆஸ்கரும்

1969இல் அமெரிக்காவில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் தொடரில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இந்த இரண்டு பொம்மைகளுக்கும் உயிர் கொடுத்தவர் ஒரே கலைஞர்தான், கரோல் ஸ்பின்னி.

உடலுழைப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். ஆஸ்கர் கைப்பொம்மை, குப்பைத்தொட்டிக்குள் வசிக்கும் சிடுமூஞ்சி. கலைஞர் மறைந்திருந்து இயக்கினால் போதும். பிக் பேர்டோ 8 அடி 2 அங்குல உயரப் பறவை. ஸ்பின்னி அதற்குள்ளேயே நின்று, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அலகை அசைப்பார். கண் இமைகளுக்குச் சுண்டுவிரல். இடது கை இடது இறக்கைக்குள் போய்விடும். அப்படியானால் வலது இறக்கை? நைலான் நூலால் இடதோடு பிணைத்திருப்பார்கள். ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். உள்ளே இருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. மார்பில் கட்டிய சின்னத் திரையில் கேமரா காட்டுவதைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். அந்த நிலையில் ஒரு குழந்தையின் தயக்கத்தையும் ஆர்வத்தையும் கொண்டுவந்தாரே, அதை நினைத்தால் இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

குணத்தில் இரண்டும் எதிரெதிர். முதலில் அசட்டுப் பறவையாக இருந்த பிக் பேர்டைக் குழந்தையாக்கலாம் என்று யோசனை சொன்னவர் ஸ்பின்னியே. ஆஸ்கரின் கரகரப்பான குரலை ஒரு டாக்ஸி ஓட்டுநரிடமிருந்து எடுத்தார். அப்புறம், ஆஸ்கர் முதல் பருவத்தில் ஆரஞ்சு நிறம், பச்சை பிறகுதான் வந்தது.

நடிக்க ஆஸ்கர் எளிது, ஆனால் கலையின் உச்சம் பிக் பேர்ட்தான் என்பேன். முதுமையில் உடல் சமநிலை தளர்ந்ததால் 2015இல் அந்த உடையை வேறொருவரிடம் ஒப்படைத்தார். குரலை மட்டும் 2018 வரை தானே கொடுத்தார்.