ஓவியப் பாடத்தைப் புத்தகமாக்க: சென்னையிலிருந்து எங்கே அனுப்பலாம்?

எங்கள் பள்ளி ஓவிய அறை பீரோவில் ஆறு வருடத்துச் சார்ட் பேப்பர் சுருள்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே பாடத்திலிருந்து வந்தவை. கோலப் புள்ளியை வைத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமச்சீர் சொல்லித்தரும் பாடம் அது. பார்த்தவர்கள் எல்லோரும் "இதைப் புத்தகமாப் போடலாமே டீச்சர்" என்றார்கள். எங்கே அனுப்புவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை விசாரித்து, அனுப்பி, காத்திருந்து தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

1850-இல் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்று பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே படித்துவிட்டு ட்ராயிங் மாஸ்டராகப் பள்ளிகளுக்குப் போனவர்கள் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்து வைத்த பாடங்களில் பெரும்பகுதி அவர்கள் ஓய்வுபெறும் நாளோடு போய்விடுகிறது. எனக்கு அது மனசு ஆறவே இல்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவரிடம் யோசனை கேட்கப் போனேன். சுருள்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "டீச்சர், இது பிள்ளை கையில கொடுக்குற புத்தகமா, மாஸ்டர் கையில கொடுக்குற புத்தகமா? அதை முதல்ல முடிவு பண்ணுங்க" என்றார். அந்தக் கேள்வியிலேயே வழி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

பிள்ளை கையில் கொடுப்பது என்றால் சென்னைக்காரர்களுக்கு வாய்ப்பு பக்கத்திலேயே இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தாரா புக்ஸ், 1996-இல் தொடங்கிய தூலிகா என்ற இரண்டு பதிப்பகங்களும் இங்கேதான் இருக்கின்றன. கோண்டு போன்ற மரபு ஓவியர்களைக் கொண்டு கையால் திரை அச்சிட்ட புத்தகங்களால் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் தாரா. தூலிகா படக்கதைகளைத் தமிழ், ஆங்கிலம் உட்பட ஒன்பது மொழிகளில் கொண்டுவருகிறது. மாஸ்டர் கையில் கொடுப்பது என்றால் மூன்று வழி: ஓவியக் கல்விக்கென்றே இருக்கும் வெளிநாட்டுப் பதிப்பகம், கல்வி நூல் போடும் தமிழ்ப் பதிப்பகம், சொந்தமாக அச்சிடுவது.

வெளிநாட்டில் இந்தத் துறைக்கென்றே நிலைத்து நிற்கும் நிறுவனம் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் இருக்கும் டேவிஸ் பப்ளிகேஷன்ஸ். 1901-இலிருந்து நடக்கிறது. அவர்களுடைய ஸ்கூல்ஆர்ட்ஸ் இதழுக்கும் அதே வயது. வகுப்பில் நின்று பாடம் நடத்தும் ஆசிரியர்கள்தான் அதில் எழுதுகிறார்கள். நம் பக்கம் ஓவியம் கற்பிப்பதற்காக மட்டும் இப்படி நூறு வருடம் தாண்டிய இதழ் ஒன்று எனக்குத் தென்படவில்லை. ஆய்வு நோக்கில் எழுதுபவர்களுக்கு கலைக் கல்விக்கான சர்வதேச அமைப்பான இன்சியாவோடு சேர்ந்து இன்டெலக்ட் பதிப்பகம் வெளியிடும் ஆய்விதழ் இருக்கிறது. அது துறை அறிஞர்கள் படித்து மதிப்பிட்ட பிறகே கட்டுரையை ஏற்கும் இடம். வகுப்பறை அனுபவத்தை மட்டும் எழுதி அங்கே அனுப்பினால் நிற்காது.

சரி, இவர்களுக்குள் என்ன வித்தியாசம்? ஒரே பாடத்தை ஒவ்வொருவருக்கும் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு அது பிடிபட்டது.

என் பாடம் ஏழுக்கு நாலு ஊடுபுள்ளிச் சிக்குக் கோலம் (ஒரு வரிசையின் புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி வரும்). வரிசைக்கு 4, 5, 6, 7, 6, 5, 4 என்று மொத்தம் 37 புள்ளி. பிள்ளைகள் முதலில் சாக்பீஸால் தரையிலும், பிறகு பென்சிலால் சார்ட்டிலும் போடுவார்கள். ஒரு நாள் ஒரு பெண் போட்ட கம்பி, அதாவது புள்ளிகளைச் சுற்றி ஓடும் கோடு, கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வரவே இல்லை. மூன்று முறை அழித்து அழித்துப் போட்டாள். கடைசியில் கட்டைவிரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தவள், "மிஸ், ஏழு ரெண்டு வரிசையில வந்துருச்சு" என்று நிமிர்ந்தாள். அவள் விரலில் சாக்பீஸ் தூள் அப்பியிருந்தது. சமச்சீர் என்ற சொல்லை அன்று நான் சொல்லவே தேவைப்படவில்லை.

வெளிநாட்டு இதழுக்கு இதை எழுதும்போது கோலம் என்றால் என்ன, ஏன் காலையில் வாசலில் போடுகிறோம், அரிசி மாவு எதற்கு என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விட்டால் அந்த அறிமுகத்திலேயே கட்டுரையின் பாதி இடம் போய்விடும். அதை ஆறேழு வரியில் முடிக்கத் தெரிய வேண்டும். அப்புறம் பாடத்தின் நோக்கம், தேவையான பொருட்கள், எத்தனை வகுப்பு நேரம், எப்படி மதிப்பிட்டீர்கள் என்று வரிசையாக வேண்டும். அமெரிக்காவில் 2014-இல் வந்த தேசிய கலைத் தரநிலைகள் படைத்தல், காட்சிப்படுத்தல், எதிர்வினை, தொடர்புபடுத்துதல் என்று நான்காகப் பிரிகின்றன. பாடம் அதில் எதைத் தொடுகிறது என்று அங்கே உள்ள ஆசிரியர் பார்ப்பார். அந்தப் பெண் புள்ளி எண்ணிய கதைக்கு அங்கே நல்ல மதிப்பு உண்டு. பிள்ளை எங்கே தடுமாறினாள், எப்படி மீண்டாள் என்பது அவர்கள் தேடிப் படிக்கிற விஷயம்.

தமிழில் வரும் ஆசிரியர் இதழுக்கு எழுதினால் கோலத்தை விளக்கவே வேண்டாம். விளக்கினால் படிப்பவருக்குக் கோபம் வரும். அவருடைய கவலையே வேறு. நாற்பத்தைந்து பிள்ளைகள், நாற்பது நிமிடம், பெஞ்சை நகர்த்த இடமில்லை, கலர் வாங்கக் காசில்லை. இதில் எப்படி நடத்தினீர்கள்? அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பள்ளிக் கல்வித் துறை கொண்டுவரும் 'கனவு ஆசிரியர்' இதழ் இதற்குப் பொருத்தமான இடம். ஆங்கிலத்தில் எழுத வருமென்றால் ஹைதராபாதின் டீச்சர் பிளஸ்ஸும் வகுப்பறை எழுத்துக்கான இதழ்தான்.

படப்புத்தகம் போடுபவர்களுக்கு இந்தப் பாடமே வேண்டாம். பக்கம் பக்கமாகக் கூடவே ஓடும் அந்தக் கம்பிதான் வேண்டும். எழுத்து சொல்லாததைப் படம் சொல்ல வேண்டும். பாடக்குறிப்பை அங்கே அனுப்பினால் திரும்பி வரும், அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. அங்கே அனுப்ப நினைத்தால் 32 பக்கத்துக்கு ஒரு சின்ன டம்மி (மாதிரிப் புத்தகம்) செய்து, எந்தப் பக்கத்தில் என்ன படம், எங்கே பக்கம் திருப்புகிறோம் என்று காட்ட வேண்டும். எனக்கு அது கைவரவில்லை. கைவந்தவர்களுக்கு இந்த ஊரை விட நல்ல இடம் கிடையாது.

இனி, முழுப் புத்தகமா, கட்டுரையா? நான் தயங்காமல் கட்டுரை என்பேன். வெளிநாட்டுப் பதிப்பகத்துக்குப் புத்தகத்தையே எழுதி அனுப்ப வேண்டியதில்லை, புரபோசல் போதும்: நூலின் நோக்கம், யார் வாங்குவார்கள், ஏற்கெனவே வந்திருக்கும் புத்தகங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது, அத்தியாயப் பட்டியல், ஒன்றிரண்டு மாதிரி அத்தியாயம், உங்களைப் பற்றி ஒரு பக்கம். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் "யார் வாங்குவார்கள்" என்ற இடத்தில் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் ஏன் வாங்குவார் என்று பதிப்பகத்தார் நம்பும்படி நீங்கள் எழுதியாக வேண்டும். அந்த வகுப்பறைக்குள் கால் வைக்காத நாம் அதை எழுதும்போது எழுத்து தடுமாறுவது எனக்கே தெரிந்தது. ஒரு கட்டுரைக்கு அந்தப் பாரம் கிடையாது. ஒரு பாடம், நான்கு நல்ல படம், நேர்மையான விவரிப்பு இருந்தால் போதும். இரண்டு மூன்று கட்டுரை வந்துவிட்டால் புரபோசலில் "உங்களைப் பற்றி" பக்கத்துக்கும் வெயிட் வருகிறது.

தமிழ்ப் பதிப்பகங்களில் புரபோசல் பழக்கம் அவ்வளவாகக் கிடையாது. "முழுசா எழுதிட்டீங்களா? அனுப்புங்க, பாக்கலாம்" என்பார்கள். யூனிகோடில் டைப் செய்து அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் மாற்றும்போது ஒற்றும் கொம்பும் சிதறிப் பிழை திருத்தும் வேலை இரண்டு மடங்காகும். அனுப்பும் மாதத்தையும் பாருங்கள். பொங்கலையொட்டி நந்தனம் ஒய்எம்சிஏவில் புத்தகக் காட்சி நடக்கும் என்பதால் அக்டோபரிலிருந்து அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் அனுப்பினால் படிக்கவாவது செய்வார்கள்.

அடுத்த கேள்வி கலர். ஓவியக் கல்விப் புத்தகம் என்றதும் தமிழ்ப் பதிப்பாளர் முகம் சற்று மாறும். அவரைக் குறை சொல்ல முடியாது, முழுக்க கலரில் அடித்தால் எந்த ட்ராயிங் மாஸ்டரும் வாங்க முடியாத விலையில் வந்து நிற்கும். நான் கண்ட வழி இது: அச்சகத்தில் சேர்த்து அடிக்கும் ஒரு ஃபாரம் 16 பக்கம், 96 பக்கப் புத்தகம் என்றால் ஆறு ஃபாரம். கலர் படங்களையெல்லாம் ஒரே ஃபாரத்தில் சேர்த்துவிட்டு மற்ற ஐந்தையும் கறுப்பு வெள்ளையில் மேப்லித்தோ தாளில் விடலாம். கோலத்துக்கு அது போதும், சொல்லப்போனால் இன்னும் தெளிவாகவே இருக்கும்.

எங்கே அனுப்பினாலும் படத்தின் தரத்தில் சமரசம் வேண்டாம். அச்சுக்கு 300 டிபிஐ என்பது பொது அளவு, ஏ4 பக்கம் முழுக்க வர வேண்டிய படத்துக்கு 2480-க்கு 3508 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். முடிந்த சார்ட்டை மட்டும் எடுக்காமல், பாதி போட்ட கோலம், அழித்த தடம், புள்ளி வைக்கும் கை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஓவியப் பாடம் எழுதுபவருக்கு இந்த நடுவில் எடுத்த படங்கள்தான் சொத்து.

உரிமை விஷயத்தில்தான் எனக்கு அடி விழுந்தது. பதிப்பகம் ஒன்று என் கைப்பிரதியோடு பிள்ளைகள் போட்ட அசல் சார்ட்டுகள் பன்னிரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டது. பதினான்கு மாதம் பதிலில்லை. நேரில் போய் நின்றபோது கைப்பிரதி கிடைத்தது, சார்ட்டுகள் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் அதைச் சொல்ல நேர்ந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஸ்கேன் மட்டும் போகட்டும்.

சட்டம் நமக்கு ஓரளவு துணையிருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கொடுத்த உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். தமிழ்ப் பதிப்பகத்தில் ஒப்பந்தமே இல்லாமல் வாய்வார்த்தையில் வேலை நடப்பதும் உண்டு. கூச்சப்படாமல் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டில் நிலைமை நேர்மாறு: பல பக்க ஒப்பந்தம் வரும், எல்லா நாடு, எல்லா மொழி, எல்லா வடிவம் என்று கேட்டிருப்பார்கள். தமிழ் உரிமை எனக்கே இருக்கட்டும் என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை.

பிள்ளை வரைந்த படத்தின் உரிமை பிள்ளையுடையது. ஆசிரியர் சொல்லிக்கொடுத்து வரைந்தது என்பதால் அது நமதாகிவிடாது. பெற்றோர் கையெழுத்து வாங்குவதை வெளிநாட்டு இதழ்கள் கட்டாயமாகவே கேட்கும். இங்கே கேட்காவிட்டாலும் வாங்கிவிடுங்கள். தனியார் பள்ளியில் வேலை பார்ப்பவர்கள், வேலையின் பகுதியாகத் தயாரித்த பாடக்குறிப்பு யாருக்குச் சொந்தம் என்று உங்கள் நியமன ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

பணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் ராயல்டி 10 சதவீதம் என்று வைத்தால் 200 ரூபாய் புத்தகம் 500 பிரதி விற்று முடிய 10,000 ரூபாய். அமெரிக்க ராயல்டி வந்தால் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 30 சதவீதம் பிடிப்பார்கள், கொடுத்தால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அது 15 சதவீதமாகும். சொந்தமாக அச்சிட்டால் ராயல்டியும் இல்லை, காத்திருப்பும் இல்லை. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாரா நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பும் பொறுப்பும் உங்கள் தலையில்தான். வீட்டில் கட்டுக்கட்டாக அடுக்கிவைத்து, பள்ளி பள்ளியாகப் பஸ் ஏறத் தெம்பிருப்பவர்களுக்கு இது நல்ல வழி. எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

இந்த வருடம் நான் எடுத்திருக்கும் வரிசை இதுதான். ஊடுபுள்ளிப் பாடத்தைத் தனிக் கட்டுரையாக ஆங்கிலத்தில் வெளிநாட்டு இதழுக்கு அனுப்புகிறேன். அதே பாடம் வேறு எழுத்தாகத் தமிழ் இதழுக்குப் போகிறது. முன்பு வேறெங்கும் வெளிவராததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்று இரண்டு இடத்திலும் கேட்டுக்கொண்டேன். புத்தகம் மட்டும் தமிழில்தான். அடையாறிலோ வியாசர்பாடியிலோ நாற்பத்தைந்து பிள்ளைகளோடு நிற்கும் மாஸ்டர் அதைப் பிரித்துவைத்துக்கொண்டு மறுநாள் பாடம் எடுக்க முடிய வேண்டும் என்பதே என் ஆசை. பன்னிரண்டு அத்தியாயத்தில் ஒன்பது முடிந்திருக்கிறது. பெற்றோர் கையெழுத்துக்கான தாளைத் தமிழில் அரைப் பக்கத்துக்கு எழுதி, போன வாரம்தான் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினேன். முப்பத்தொன்று திரும்பி வந்திருக்கிறது.