டி.எஸ்.சேனாநாயக்க வாழ்க்கைப் படத்தாள்: திருத்தி ஒட்டுங்கள்

மட்டக்களப்பில் பாடசாலைப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும், இலங்கையின் முதல் பிரதமர் சேனாநாயக்க பற்றிய இந்தப் படத்தாள் ஒப்படைக்கு உதவும். லெமினேட் செய்தது, பசை பிடிக்காது. நாலு மூலைக்கும் இரட்டைப் பக்க டேப் வேண்டும். யன்னலுக்கு எதிரே மாட்டினால் பளபளப்பில் எழுத்துத் தெரியாது.

பெரிய பிழை, பிரதமரான ஆண்டு 1948 என்று அச்சாகியிருப்பது. பதவியேற்றது 1947 செப்டெம்பரில். 1948 பெப்ரவரி 4 சுதந்திர நாள். பிள்ளைகள் புள்ளியை விடும் இடமே இதுதான். வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி மேலே ஒட்டுங்கள், நேரே எழுதினால் பேனை மை அழிந்துவிடும்.

அவர் ஆட்சியில் கட்டத் தொடங்கிய, அம்பாறைக்கு வயல்நீர் தரும் இங்கினியாகல அணைக்கட்டின் படம் அருமை, மரக்கிளைகள்கூடத் துல்லியம். ஆனால் அவருடைய அரசு கொண்டுவந்த, மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 குடியுரிமைச் சட்டம் பற்றி ஒரு வரியும் இல்லை. இது பொறுக்க முடியாத குறை. ஆசிரியர்மார் கட்டாயம் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும்.