தொடாமல் போதையை அளப்பது: வெப்பப்படமா, லேசரா, மூச்சுணரியா?

சிங்கப்பூரில் வாகனமோட்டியின் 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராமுக்கு மேல் மதுசாரம் இருந்தால் குற்றம். குழாயில் ஊதச் சொல்லாமலே அதைக் கண்டறியலாம் என்று முன்வைக்கப்படும் உத்திகளை இந்த வரம்போடு உரசிப் பார்ப்பதே முறை.

2003-இல் சார்ஸ் காய்ச்சலை வெப்பப்படக் கருவிகளால் வடிகட்டிய ஊர் என்பதால், நமக்கு முதலில் தோன்றுவது அந்தக் கருவிதான். மது இரத்த நாளங்களை விரிப்பதால் மூக்குக்கும் நெற்றிக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு மாறுவதைக் கிரேக்கத்தின் பத்ராஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படமெடுத்துக் காட்டினார்கள். ஆனால் தேக்காவில் மீன்தலைக் கறி சாப்பிட்டுவிட்டு வெயிலில் நடந்து வருபவரின் முகமும் சூடாகத்தான் இருக்கும். மேலும், கிழக்காசியர் பலருக்கு, மதுவிலிருந்து உடலில் உருவாகும் அசிட்டால்டிஹைடு என்ற பொருளைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே மந்தமாக இருப்பதால், வரம்பை எட்டாத சிறிதளவு பியரிலேயே முகம் சிவந்துவிடுகிறது. இந்த ஊருக்கு இக்கருவி ஒத்துவராது என்பதே என் கருத்து.

ஓடும் காரின் ஊடாக அகச்சிவப்பு லேசரைச் செலுத்தும் முறையைப் போலந்து ஆய்வாளர்கள் 2014-இல் விளக்கினார்கள். இது முகக்குறியை விட்டு மதுசார ஆவியையே தேடுகிறது. நம் புழுக்கத்தில் யாரும் கண்ணாடியை இறக்குவதில்லை, ஆவி உள்ளேயே தங்கும் என்பதும் இதற்குச் சாதகம். எனினும் கிளார்க் கீயில் குடித்தவர்களை ஏற்றிவரும் டாக்சி ஓட்டுநர் சொட்டுக்கூடத் தொடாதவராக இருந்தாலும் கருவி அந்த வண்டியைத்தான் காட்டும்.

அமெரிக்காவில் உருவாக்கப்பட்டுவரும், ஓட்டுநர் முன்னே பொருத்தும் மூச்சுணரி, மதுசாரத்தோடு கார்பன் டை ஆக்சைடையும் அளக்கிறது. வெளிவிடும் மூச்சில் அந்த வாயு ஏறத்தாழ 4 விழுக்காடு, வெளிக்காற்றில் 0.04. உணரி 0.44 காட்டினால் மூச்சு பத்து மடங்கு நீர்த்திருக்கிறது என்று பொருள். மதுசார அளவைப் பத்தால் பெருக்கினால் உண்மை அளவு கிடைக்கும். கைச் சுத்திகரிப்பானின் ஆவியில் மதுசாரம் மட்டும் ஏறி கார்பன் டை ஆக்சைடு ஏறாது என்பதால், அதையும் பிரித்தறிய முடிகிறது. பக்கத்து இருக்கைக்காரரின் மூச்சு கலப்பது இதற்கு எஞ்சும் தலைவலி.

எனவே அளவு என்று வந்தால் மூச்சுணரியே முந்துகிறது. ஆனால் அது வண்டியோடு வர வேண்டிய பொருள், காவலர் கையில் இருப்பதன்று. சாலைத் தடுப்பில் எந்த வண்டியை நிறுத்துவது என்று தேர்ந்தெடுக்க லேசர் உதவலாம்; வழக்குக்கு நிலையத்திலுள்ள மூச்சுப் பகுப்பாய்வுக் கருவிதான் வேண்டும். நடந்து செல்வோர்மீது வெப்பப்படக் கருவியைத் திருப்பவும் காரணமில்லை: 2015-ஆம் ஆண்டின் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பதைத் தடுக்கிறதே தவிர, நடப்பவருக்கு மூச்சு வரம்பு எதையும் வைக்கவில்லை.