மதுரை வெயிலுக்கு எந்த ஆயில், எந்தப் பட்டறை?

வாங்கி ஆறு ஆண்டுகளான எங்கள் சிறிய பெட்ரோல் காரைச் சென்ற சித்திரையில் தெருமுனைப் பட்டறையில் விட்டபோது, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துணியில் துடைத்தபடியே மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "நம்ம ஊரு வெயிலுக்கு இருபது நாப்பதுதான் சார் தாங்கும். கம்பெனி சொல்ற ஆயில் தண்ணி மாதிரில்ல இருக்கு." அவர் சொன்னது 20டபிள்யூ-40 ஆயிலை; கார் கையேடோ 5டபிள்யூ-30 என்கிறது.

டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. கடுங்குளிரில் இன்ஜின் சுழல ஆயில் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதை அதற்கு முன்னுள்ள எண் காட்டுகிறது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் இதற்காகச் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில்கூட ஸ்வெட்டர் தேவைப்படாத மதுரையில் இந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது மெல்லிய ஆயில், வால்வுகளைத் திறக்கும் மேலேயுள்ள கேம்ஷாஃப்ட்டுக்குச் சீக்கிரம் போய்ச் சேரும் என்பது மட்டும் ஆதாயம்.

இரண்டாவது எண்ணே முக்கியமானது. அது 100 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டுவது. அண்ணனின் வாதம் சறுக்குவதும் இங்கேதான். வெளியே 30 டிகிரியானாலும் அக்னி நட்சத்திரத்து 41 டிகிரியானாலும், குளிர்நீரைத் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே பிடித்து வைப்பதால், சாதாரண ஓட்டத்தில் ஆயில் காணும் சூடு ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. வத்தலக்குண்டிலிருந்து நான்கு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போதுதான் அது உண்மையில் உயர்கிறது. அந்தச் சுமையையும் கணக்கில் எடுத்தே தயாரிப்பாளர் கிரேடை, அதாவது இந்த இரண்டு எண்களை, முடிவு செய்திருக்கிறார்.

இருந்தாலும் அண்ணனின் பேச்சை அறியாமை என்று தள்ளிவிட மாட்டேன். அவர் கை பழகியது அம்பாசடர் காலத்து இன்ஜின்களில். இடைவெளிகள் தளர்ந்து ஆயில் குடிக்கும் பழைய வண்டிக்கு 20டபிள்யூ-40 இன்றும் பொருந்தும். வால்வு திறக்கும் நேரத்தையே ஆயில் அழுத்தத்தால் மாற்றிக்கொள்ளும் இன்றைய பெட்ரோல் இன்ஜினில், அதே கெட்டி ஆயில் குறுகிய துளைகளில் தயங்கிப் போவதோடு மைலேஜையும் கொஞ்சம் தின்னும். கையேடு இரண்டு கிரேடுகளை அனுமதித்தால், மலையேற்றமும் சுமையும் அதிகமுள்ளவர் கெட்டியானதை எடுக்கலாம். அனுமதிக்காத கிரேடை யார் சொன்னாலும் ஊற்றக் கூடாது.

கச்சா எண்ணெயிலிருந்து வடித்த மினரலா, ஆலையில் செயற்கையாக உருவாக்கிய சிந்தெடிக்கா என்பது வேறு கேள்வி. வெளியேறும் புகையின் விசையால் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ உள்ள வண்டிக்கு இதில் விவாதமே இல்லை. அந்தச் சூட்டில் மினரல் ஆயில் கருகிக் கரியாய்ப் படியும், ஆகவே சிந்தெடிக்தான். டர்போ இல்லாத வண்டியில், காளவாசல், கோரிப்பாளையம் சிக்னல்களில் இன்ஜினை ஓடவிட்டு நின்று, தினமும் மூன்று நான்கு கிலோமீட்டரோடு பயணத்தை முடிப்பவர்கள், விலை கூடிய ஆயிலை ஊற்றி ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பதைவிட, சரியான கிரேடில் கையேடு சொல்லும் தரமுள்ள சாதாரண ஆயிலையே முன்கூட்டி மாற்றுவது மேல் என்பது என் கணிப்பு. இன்ஜின் முழுச் சூடு ஏறாத ஓட்டத்தில் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் தங்கிவிடும்; அதற்குச் சிந்தெடிக்கும் விலக்கல்ல. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பிஎஸ்6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதிப்படியான டீசல் காரில் புகைவடிகட்டி இருந்தால், சாம்பல் குறைவான ஆயில் என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். வடிகட்டியில் சேரும் கரி எரிந்துவிடும், ஆயிலின் சாம்பல் எரியாது.

இனி, யாரிடம் விடுவது? வாரண்டி உள்ளவரை அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டர் என்பதே என் பழக்கம். இலவச லேபர், கம்ப்யூட்டர் ஸ்கேன், ரீகால் (குறையுள்ள பாகத்தை மாற்ற நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைப்பது) சரிபார்ப்பு, பதிவான சர்வீஸ் வரலாறு ஆகியவை அங்கே கிடைக்கின்றன. வெளியே விட்டால் வாரண்டி மொத்தமும் போய்விடும் என்ற பயமுறுத்தலை மட்டும் நம்ப வேண்டாம். 14 கார் நிறுவனங்கள் மீதான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவு, வெளிப் பட்டறையின் தவறான வேலையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கே வாரண்டியை மறுக்கலாம் என்கிறது. அதனால் வெளியே செய்யும் ஒவ்வொரு வேலைக்கும், கிரேடு எழுதிய பில் கையில் இருக்க வேண்டும்.

சென்டர் என்பதாலேயே வேலை சுத்தம் என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை, நான் கேட்காத இன்ஜின் ஃப்ளஷ்ஷும் (ரசாயனம் ஊற்றி உள்ளே கழுவுவது) ஏசி சுத்திகரிப்பும் பில்லில் ஏறியிருந்தன. மறுநாள் காலை சமதளத்தில் நிறுத்திப் பார்த்தால், ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை நின்றது. அடியில் சுழலும் கிராங்க் தண்டு அதைக் கலக்கி நுரையாக்கினால் அழுத்தம் குறையும் என்பதால், திரும்பக் கொண்டுபோய் வடிக்கச் செய்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்காரவைத்து டீ கொடுக்கும் இடத்தில் இதையெல்லாம் பார்க்க வழியில்லை. தெருமுனைப் பட்டறையில் டிரெயின் போல்ட் கழன்று கருப்பு ஆயில் தகரத் தட்டில் விழுவது முதல் புது வாஷர் மாட்டுவது வரை பக்கத்தில் நின்று பார்க்கலாம். அண்ணனிடம் ஸ்கேனர் இல்லை. ஆனால் ஆயில் மாற்ற அது தேவையில்லை.

வாரண்டி முடிந்துவிட்டதால் ஆயில் வேலை இப்போது அவரிடம்தான். சீல் உடையாத 5டபிள்யூ-30 டப்பாவையும் கம்பெனி ஃபில்டரையும் நானே வாங்கிக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் காலி டப்பாவை ஸ்க்ரூடிரைவரால் குத்தி ஓட்டை போட்டேன். நல்ல டப்பாவாகப் போனால் போலி ஆயில் நிரம்பித் திரும்பி வரும். அண்ணன் சிரித்தார். "தண்ணியத்தான் ஊத்தியிருக்கோம், பாப்போம் சார்" என்று சொல்லி, கிலோமீட்டரை ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார்.